உயரம் இருந்தும் பந்து கைக்கு வரலையே... ஏன்? - ஒரு மயிலாப்பூர் அம்மாவின் ரீபவுண்ட் கணக்கு!

தி.நகரில் ஒரு பள்ளி மைதானம். மாலை ஐந்தரை மணி. ஸோனல் பாஸ்கெட்பால் போட்டியில் எங்கள் பெண்கள் 38-24 என்று தோற்றிருந்தார்கள். சிமென்ட் படியில் உட்கார்ந்திருந்த என் மகள், ஷூ லேஸைக் கழற்றாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஐந்து அடி எட்டு அங்குலம். அன்றைக்கு அந்தக் கோர்ட்டில் ஆடிய இரண்டு அணிகளிலும் அவளைவிட உயரமான பெண் கிடையாது. அணியின் சென்டர் அவள்தான்.

"நிறைய ஷாட் மிஸ் பண்ணிட்டாங்க இல்ல சார்?" என்று கோச்சிடம் கேட்டேன்.

"இல்ல மேடம். அவங்களும் நம்ம அளவுக்கு மிஸ் பண்ணாங்க. நாம மிஸ் பண்ண பந்து அவங்க கைக்குப் போச்சு. அவங்க மிஸ் பண்ண பந்தும் அவங்க கைக்கே போச்சு. அவ்ளோதான் விஷயம்" என்றார். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "அடுத்த மேட்ச்ல ஸ்கோரைப் பார்க்காதீங்க. ரீபவுண்டை மட்டும் எண்ணிப் பாருங்க."

நான் ஒரு அலுவலகத்தில் அக்கவுன்ட்ஸ் பார்ப்பவள். எண்ணச் சொன்னால் எண்ணிவிடுவேன். அடுத்த வாரம் அடையாரில் நடந்த ஆட்டத்துக்கு, பால் கணக்கு எழுதும் நோட்டையும் ஒரு பேனாவையும் எடுத்துக்கொண்டு போனேன்.

நோட்டு சொன்ன கதை

ஒரு பக்கத்தில் நான்கு கட்டம் போட்டேன். நாம் தவறவிட்ட ஷாட்டை யார் எடுத்தார்கள், அவர்கள் தவறவிட்ட ஷாட்டை யார் எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு கோடு. எல்லைக்கு வெளியே போனவற்றை விட்டுவிட்டேன்.

ஆட்டம் முடிந்தது. 43-30. மறுபடியும் தோல்வி. வீட்டுக்கு வந்து கோடுகளை எண்ணினேன். எதிர் அணி தவறவிட்ட 34 ஷாட்டுகளில் 17 பந்துகளை அவர்களே திரும்ப எடுத்திருந்தார்கள். நாங்கள் தவறவிட்ட 31 ஷாட்டுகளில் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது வெறும் 4. அவர்கள் திரும்ப எடுத்த 17ல் எட்டு, உடனே கூடையில் விழுந்திருந்தது. எட்டு இரண்டு பதினாறு. நாங்கள் தோற்றது 13 பாயிண்ட் வித்தியாசத்தில்!

அதாவது, அந்த இரண்டாவது வாய்ப்புகளை மட்டும் கொடுக்காமல் இருந்திருந்தால் 30-27 என்று ஜெயித்திருப்போம். ஒரு பெண்கூட கூடுதலாக ஒரு ஷாட்டைப் போட்டிருக்க வேண்டியதில்லை.

பாஸ்கெட்பால் பார்க்காதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். யாராவது கூடையைக் குறிவைத்து எறிந்த பந்து உள்ளே விழாமல், ரிங்கிலோ போர்டிலோ பட்டுத் திரும்பி வருகிறது. அதைப் பிடிப்பதுதான் ரீபவுண்ட். பெரிய ஆட்டக்காரர்களே ஏறத்தாழ பாதி ஷாட்டுகளைத் தவறவிடுகிறார்கள் என்னும்போது, பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு ஆட்டத்தில் ஐம்பது, அறுபது முறை பந்து யாருக்கும் சொந்தமில்லாமல் காற்றில் நிற்கிறது. அதை எடுப்பவருக்கு அடுத்த வாய்ப்பு.

சர்வதேச விதிப்படி ஒரு அணி 24 விநாடிக்குள் ஷாட் எடுக்க வேண்டும். ரிங்கில் பட்டுத் திரும்பிய பந்தை அதே அணி பிடித்துவிட்டால், இன்னும் 14 விநாடி கிடைக்கும். அமெரிக்காவில் டீன் ஆலிவர் என்பவர் 2004ல் வெளியிட்ட புத்தகத்தில், ஆட்டத்தின் வெற்றியைத் தீர்மானிக்கும் நான்கு விஷயங்களைக் கணக்குப் போட்டுச் சொன்னார். ஷாட் போடும் திறமை முதலிடம். பந்தை வீணாக இழக்காமல் இருப்பது இரண்டாவது. ரீபவுண்ட் மூன்றாவது. ஃப்ரீ த்ரோ அதற்கும் பிறகுதான்.

"யார்மா பார்க்கறாங்க?"

நோட்டை மகளிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஷூட் பண்ணா எல்லாரும் கை தட்டறாங்க. ரீபவுண்ட் எடுத்தா யார்மா பார்க்கறாங்க?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. கேலரியில் உட்கார்ந்திருக்கும் எங்களைப் போன்ற பெற்றோர்கள் பந்து கூடையில் விழுந்தால் கத்துவோம். அதற்கு முன்னால் எதிர் அணிப் பெண்ணை முதுகால் மறித்து நின்றவளை ஒருநாளும் கவனித்ததில்லை. பிள்ளைகளும் அப்படித்தான் கற்றுக்கொள்கிறார்கள். பயிற்சிக்கு வந்ததும் எல்லாரும் முதலில் செய்வது தூரத்தில் நின்று மூன்று பாயிண்ட் ஷாட் போட்டுப் பார்ப்பது. கூடைக்குக் கீழே இடிபட்டுக்கொண்டு நிற்கும் வேலைக்கு ஆளே வருவதில்லை.

"சரி, நீதான் எல்லாரையும்விட உயரமாச்சே. பந்து உன் தலைக்கு மேலதானே வருது?" என்று கேட்டேன்.

"வருது. ஆனா நான் போறதுக்குள்ள அங்க யாராவது நிக்கறாங்க. இடிச்சா விழுந்துடுவாங்களேன்னு நின்னுடறேன்" என்றாள்.

அவள் உயரத்தோடு நாங்கள் வீட்டில் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. "இப்படி வளர்ந்துட்டே போனா மாப்பிள்ளைக்கு எங்க போறது?" என்று கேட்காத உறவினர் இல்லை. கல்யாண வீட்டில் போட்டோ எடுத்தால், "நீ பின்னாடி போ, மறைக்கிற" என்பார்கள். பஸ்ஸில், கோயில் வரிசையில், வகுப்பில் என்று எங்கேயும் கையை மடக்கி, தோளைக் குறுக்கி, முடிந்தவரை கொஞ்சமாக இடம் எடுத்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தாள். "யார் மேலயும் இடிக்காம நில்லு" என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லிக் கொடுத்தவள் நான்தான். அதே பெண்ணைக் கோர்ட்டில் இறக்கி, "இடத்தை விட்டுக் கொடுக்காதே" என்று கத்தினால் அவள் என்ன செய்வாள்?

உன் இடமும், அதற்கு மேலிருக்கும் காற்றும்

இதைக் கோச்சிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. விதிப் புத்தகத்தில் இருப்பதைச் சொன்னார். சர்வதேச விதிகளில் 'சிலிண்டர்' என்று ஒரு கோட்பாடு உண்டு. யாரும் நிற்காத ஓர் இடத்தில் ஒரு ஆட்டக்காரர் முறையாகப் போய் நின்றுவிட்டால், அந்த இடம் அவருடையது. தரை மட்டுமல்ல... அவரைச் சுற்றி ஒரு கண்ணுக்குத் தெரியாத உருளை இருப்பதாக வைத்துக்கொண்டு, அதற்குள் மேலே இருக்கும் காற்றும் அவருடையது. அவர் நேராக மேலே குதிக்கலாம், கைகளை உயர்த்தலாம். அந்த உருளைக்குள் வந்து மோதுபவர்தான் தப்பு செய்தவர்.

இதைக் கேட்டதும் மகளின் முகத்தில் தெரிந்த மாற்றத்தை நான் மறக்க மாட்டேன். "அப்போ நான் முதல்ல போய் நின்னுட்டா, நான் இடிக்கலை... அவங்கதான் இடிக்கறாங்களா சார்?"

"அதேதாம்மா. முதல்ல போய் நில்லு. அது போதும்" என்றார்.

இந்த ஆட்டத்தின் பிறப்பே இந்தப் பிரச்னையில்தான் இருக்கிறது. 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், குளிர்காலத்தில் கூரைக்குக் கீழே ஆட ஒரு விளையாட்டைத் தேடினார். முரட்டு மோதல் இருக்கக் கூடாது என்பது அவர் கவலை. இலக்கைத் தலைக்கு மேலே வைத்துவிட்டால் வேகமாக எறிந்து பயனில்லை, மெதுவாக வளைத்துப் போட வேண்டும் என்று யோசித்து, இரண்டு பீச் பழக்கூடைகளை 10 அடி உயரத்தில் மாட்டினார். அவர் எழுதிய 13 விதிகளில் தோளால் இடிப்பதற்கும், பிடிப்பதற்கும், தள்ளுவதற்கும் தடை இருந்தது. ரிங் இன்றும் அதே 10 அடியில்தான் இருக்கிறது.

அந்த ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியவர். மயிலாப்பூரிலிருந்து தி.நகருக்குப் போகும்போது நந்தனத்தில் நாம் கடந்து போகிறோமே, அந்தப் பெரிய பச்சை வளாகம்தான். தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குத் தலைமுறை தலைமுறையாக பி.டி. சார்களை அனுப்பி வைத்த கல்லூரி அது. ஸ்பிரிங்ஃபீல்டு கூடைக்கும் நம் பிள்ளைகளுக்கும் நடுவில் இருப்பது இப்படி ஒரே ஒரு கல்லூரி!

உயரம் மட்டும் போதுமா?

"பஞ்சாப்காரங்க ஆறரை அடி, ஏழு அடி இருக்காங்க. நாம என்ன பண்ண முடியும்?" என்பது நம்மூர் பாஸ்கெட்பால் வட்டாரத்தில் பழைய பேச்சு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2015ல் அமெரிக்காவின் என்.பி.ஏ லீகில் டல்லாஸ் அணி தேர்ந்தெடுத்த முதல் இந்தியர், பஞ்சாபின் சத்னாம் சிங், ஏழு அடிக்கும் மேல். ஆனால், அவரைச் சிறு வயதில் வளர்த்தெடுத்த லூதியானா அகாடமியில் பயிற்சியாளராக இருந்தவர் எஸ்.சுப்பிரமணியன் என்பவர். உயரமான கிராமத்துப் பையன்களைத் தேடிப் பிடித்து, அவர்களுக்குக் கூடைக்கு அடியில் கால் வைக்கவும், இடம் பிடிக்கவும் வருடக்கணக்கில் கற்றுக்கொடுத்தார்கள் அங்கே. உயரம் பிறப்பில் வந்தது. மற்றதெல்லாம் பயிற்சியில் வந்தது.

மறுபக்கமும் பாருங்கள். என்.பி.ஏ வரலாற்றில் 1992 முதல் 1998 வரை தொடர்ந்து ஏழு சீசன் ரீபவுண்டில் முதலிடம் பிடித்த டென்னிஸ் ராட்மன், ஆறு அடி ஏழு அங்குலம்தான். ஏழு அடிக்காரர்கள் நிறைந்த இடத்தில் அது சென்டருக்கான உயரமே கிடையாது. ஒவ்வொரு வீரரும் ஷாட் போடும்போது பந்து எப்படிச் சுழல்கிறது, எந்தப் பக்கம் தெறிக்கிறது என்று உட்கார்ந்து பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்தவர் அவர். அவருக்கு முன்னால் 1986-87 சீசனில் முதலிடம் பிடித்த சார்லஸ் பார்க்லி இன்னும் குள்ளம். அகலமான இடுப்பும், இடத்தை விட்டு நகராத பிடிவாதமும்தான் அவர் முதல்.

டோக்கியோ ஒலிம்பிக்ஸில் பெண்கள் பிரிவில் வெள்ளி வாங்கியது யார் தெரியுமா? ஜப்பான். போட்டியில் கலந்துகொண்ட உயரம் குறைந்த அணிகளில் ஒன்று!

நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. 2022 ஏப்ரலில் சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் நடந்த சீனியர் தேசியப் போட்டியில், ஆண்கள் இறுதி ஆட்டத்தில் பஞ்சாபை வீழ்த்திக் கோப்பை வாங்கியது தமிழ்நாடு. இந்திய அணிக்கு சென்டராக ஆடிய அரவிந்த் அண்ணாதுரை நம் ஊர்க்காரர். பெண்களில், பல ஆண்டுகள் இந்தியாவுக்கு ஆடி, கேப்டனாகவும் இருந்த சென்னையின் அனிதா பால்துரைக்கு 2021ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2017ல் பெங்களூரில் நடந்த பெண்கள் ஆசியக் கோப்பை 'பி' பிரிவு இறுதியில் இந்தியா கஜகஸ்தானை 75-73 என்று வென்றபோது அவரும் அணியில் இருந்தார். இரண்டே பாயிண்ட். ஒரே ஒரு பந்து இந்தப் பக்கம் விழாமல் அந்தப் பக்கம் விழுந்திருந்தால் கதை மாறியிருக்கும்.

பள்ளி ஆட்டத்தில் உயரத்தின் பங்கு இன்னும் குறைவு என்று கோச் கணக்குப் போட்டுக் காட்டினார். எங்கள் அணியில் யாருடைய கையும் ரிங்கை எட்டாது. எதிர் அணியிலும் எட்டாது. அப்படியென்றால் பந்து எப்படியும் கீழே இறங்கி வரத்தான் வேண்டும். எட்டடி உயரத்துக்கு வரும்போது யார் அதற்கு நேர் கீழே நிற்கிறார்களோ, அவர்களுக்குத்தான் கிடைக்கும். நாலு அங்குல உயரம் தரும் லாபத்தை, ஒரு அடி தள்ளி நிற்பது அப்படியே தின்றுவிடும். எங்கள் பெண்களை ஜெயித்த அடையார் அணியின் சென்டர் என் மகளைவிட மூன்று அங்குலம் குள்ளம். ஷாட் கிளம்பிய அடுத்த நொடி அவள் பந்தைப் பார்க்கவில்லை, என் மகளைத்தான் தேடினாள். இது எனக்கு மூன்றாவது ஆட்டத்தில்தான் கண்ணில் பட்டது.

மொட்டை மாடியில் பாக்ஸ் அவுட்

எதிராளியை முதுகுக்குப் பின்னால் நிறுத்தி, பந்து விழும் இடத்தை நமக்கென்று வைத்துக்கொள்வதற்கு 'பாக்ஸ் அவுட்' என்று பெயர். பயிற்சியில் கோச் இதைப் பந்தே இல்லாமல் சொல்லிக் கொடுத்தார். இரண்டு இரண்டு பேராக நிற்க வேண்டும். விசில் அடித்ததும் ஒருத்தி திரும்பி, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, அடுத்தவளை முதுகால் தடுக்க வேண்டும். ஐந்து விநாடி. அவ்வளவுதான்.

வீட்டில் ஜோடிக்கு ஆள் இல்லாததால் நான் ஆனேன். ராத்திரி எட்டு மணிக்கு மொட்டை மாடியில், மகள் திரும்பி நின்று என்னைப் பின்னால் தள்ள, நான் அவளைச் சுற்றிக்கொண்டு முன்னால் போகப் பார்க்க வேண்டும். முதல் நாள் நான் சுலபமாகச் சுற்றிப் போய்விட்டேன். "என்னடி, நாப்பத்தஞ்சு வயசுக்காரியையே விட்டுட்ட?" என்றேன். நேராக நின்றிருந்தாள், அதுதான் காரணம். முழங்கால் மடங்கினால்தான் அடித்தளம் கிடைக்கும். பத்தாம் நாள் என்னைத் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினாள். துணி எடுக்க வந்த மாமியார், "ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு?" என்று பார்த்துவிட்டுப் போனார்.

தெம்பு எங்கே போனது?

பாக்ஸ் அவுட் பழகியும் ஒரு சிக்கல் தொடர்ந்தது. முதல் பாதியில் நன்றாக ஆடுவாள். மூன்றாவது குவார்ட்டரில் குதிப்பதே நின்றுவிடும். "மனசுல தெம்பு வேணும்", "கடைசி வரைக்கும் போராடணும்" என்று நாங்கள் எல்லாரும் அறிவுரை சொன்னோம். நான் திட்டவும் செய்தேன்.

ஒருநாள் கோச்தான் கேட்டார். "காலைல ஆறு மணி பிராக்டிஸுக்கு என்ன சாப்பிட்டு வர்றா?" ஒரு டம்ளர் ஃபில்டர் காபி. அவ்வளவுதான். "ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிப் பாருங்க மேடம்" என்றார்.

ஹீமோகுளோபின் 9.8. அவள் வயதுப் பெண்களுக்கு 12க்குக் குறைந்தாலே ரத்தசோகை என்றார் டாக்டர். உடம்பு முழுக்க ஆக்சிஜன் கொண்டுபோக வேண்டிய ஆட்கள் குறைவாக இருந்தால், நாற்பது நிமிஷம் எப்படிக் குதிப்பாள்? 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் சுமார் 59 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது, கோர்ட்டில் நிற்கும் ஐந்து பெண்களில் மூன்று பேருக்கு! இதைக் கண்டுபிடிக்காமல் 'தைரியம் இல்லை, போராட்டக் குணம் இல்லை' என்று எத்தனை பெண்களைச் சொல்லியிருப்போம்?

டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை, பூச்சி மாத்திரை கொடுத்தார். மாத்திரையை காபி, டீ, பாலோடு போடக் கூடாது, எலுமிச்சை ஜூஸ் போன்றவற்றோடு போட்டால் உடம்பில் நன்றாகச் சேரும் என்றார். காலையில் காபிக்கு முன்னால் இரண்டு வாழைப்பழமும் வேர்க்கடலையும் வந்தன. முருங்கைக்கீரையை மாமியார் பார்த்துக்கொண்டார். இரண்டு மாதம் ஆனது. நான்காவது குவார்ட்டரில் அவள் கால் தரையை விட்டு எழும்பியதை நான் கேலரியிலிருந்து பார்த்தேன்.

உங்கள் வீட்டுப் பெண் சீக்கிரம் களைத்துப் போனால், அறிவுரைக்கு முன்னால் ஒரு பரிசோதனை செய்துவிடுங்கள். மாத்திரையை டாக்டரிடம் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

ரீபவுண்ட் எடுக்க ஆறு வழிகள்

எங்கள் கோச் சொன்னதையும், நான் கேலரியிலிருந்து பார்த்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே தொகுத்திருக்கிறேன். ஆண், பெண், குள்ளம், உயரம் எல்லாருக்கும் பொருந்தும்.

1. ஷாட் கிளம்பியதும் பந்தை வேடிக்கை பார்க்காதீர்கள். முதலில் உங்கள் எதிராளி எங்கே என்று பாருங்கள். பந்து திரும்பி வர ஒரு நொடிக்கு மேல் ஆகும், அதுவே போதும்.

2. அவரை நோக்கி ஒரு அடி வைத்து, ஒரு காலை ஊன்றித் திரும்பி, அவரை முதுகுக்குப் பின்னால் வையுங்கள். முழங்கால் மடங்கி, கால்கள் தோளைவிட அகலமாக இருக்கட்டும். கையால் பிடிப்பது, முழங்கையை வீசுவது இரண்டும் ஃபவுல்.

3. பக்கவாட்டிலிருந்து போடும் ஷாட் தவறினால், பெரும்பாலும் எதிர்ப்பக்கம்தான் போய் விழும். தூரத்திலிருந்து போடும் ஷாட் தவறினால், பந்து தூரமாகத் தெறிக்கும். மூன்று பாயிண்ட் ஷாட்டுக்குக் கூடைக்கு நேர் அடியில் போய் நிற்பதில் பயனில்லை.

4. குதித்து, கைகள் எவ்வளவு உயரம் போகுமோ அங்கேயே பந்தை இரண்டு கையாலும் பிடியுங்கள். கீழே வரட்டும் என்று காத்திருந்தால் வேறு கை வந்துவிடும்.

5. இரண்டு காலிலும் இறங்குங்கள். முழங்கால் மடங்கட்டும், உள்பக்கமாகச் சாயக் கூடாது. முழங்கால் தசைநார் கிழியும் அபாயம் பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம். பெரும்பாலும் அது யாரும் இடிக்காமல், தப்பாக இறங்குவதாலேயே நடக்கிறது. நம் சிமென்ட் கோர்ட்டுகளில் இது இன்னும் முக்கியம். இறங்கும் பயிற்சிக்கு தினமும் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள்.

6. பிடித்த பந்தைத் தாடைக்குக் கீழே, முழங்கைகள் வெளியே தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். இடுப்புக்கு இறக்கினால், குள்ளமான கார்டு வந்து பறித்துக்கொண்டு போவார். பிறகு பக்கவாட்டில் இருக்கும் தோழியைப் பார்த்து பாஸ் கொடுங்கள்.

ஏழாவது, பெற்றோருக்கு. ரீபவுண்டுக்குக் கை தட்டுங்கள். எங்கள் அணியின் அம்மா அப்பாக்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர் இதைப் பேசி வைத்துக்கொண்டோம். முதல் நாள் பிள்ளைகளுக்கே வெட்கமாக இருந்தது. "கூடையிலேயே விழலை, எதுக்கு ஆன்ட்டி கத்தறீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். இரண்டு ஆட்டம் கழித்து அவளே ஒரு பாக்ஸ் அவுட் செய்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

கடைசி ஆட்டம்

மழை விட்ட டிசம்பரில் ஒரு சின்ன டோர்னமென்ட். அரையிறுதி. எதிரே அதே அடையார் அணி. கோர்ட்டின் ஒரு மூலையில் ஈரம் காயாமல், சாக்கு போட்டுத் துடைத்துத் துடைத்து ஆடினார்கள்.

ஜெயித்தோம் என்று எழுத ஆசைதான். 36-34. இரண்டு பாயிண்டில் தோற்றோம். ஃப்ரீ த்ரோ நான்கு தவறின. அதை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால், நோட்டைப் பாருங்கள். ஆகஸ்டில் 17 முறை தங்கள் பந்தைத் தாங்களே திரும்ப எடுத்த அணி, இந்த முறை எடுத்தது 7. எங்கள் பெண்கள் எடுத்தது 9. கடைசி நிமிஷத்தில் மூன்று பேருக்கு நடுவில் என் மகள் முதலில் போய் நின்றாள். ஒருத்தி பின்னாலிருந்து மோதினாள். மகள் நகரவில்லை. நேராக மேலே போனாள். விசில் அடித்தது... ஃபவுல் மோதியவள் மேல்! என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா ஒருவர் எழுந்து நின்று கை தட்டினார். பந்து கூடை பக்கமே போகவில்லை.

ஆட்டோவில் லஸ் கார்னர் சிக்னலில் நின்றபோது கேட்டாள். "எனக்கு எத்தனைம்மா?"

"பதினொண்ணு."

"பன்னெண்டு. கடைசியா ஃபவுல் வாங்கினேனே, அதுக்கு முன்னாடி ஒண்ணு எடுத்தேன். அதை நீ எழுதலை."

"அப்போ நான் கை தட்டிட்டு இருந்தேன்டி."

"அதெல்லாம் தெரியாது. எழுது."

நோட்டை எடுத்து, தெருவிளக்கு வெளிச்சத்தில் இன்னும் ஒரு கோடு போட்டேன். சரியாகப் போடுகிறேனா என்று தலையை நீட்டிப் பார்த்தவளின் உச்சந்தலை ஆட்டோ கூரையில் இடித்தது. சிரித்துக்கொண்டே மறுபடியும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.